நீலம் தலையசைத்தாள்

ஜூன் 3, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் செருப்பைக் கழற்றாமல் சமையலறை வரை வந்துவிட்டார். சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். யார் வீட்டில் யார் கோபித்துக்கொள்வது என்று ஒரு வரைமுறையே இல்லாமல் போய்விட்டது.

இந்த டைரி லென்ஸ் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் எழுதிப் பார்க்கலாமே என்று இன்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். யாராவது எடுத்துப் படித்தால் சிரிப்பார்கள். உறையூரில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிற நாற்பத்தாறு வயதுப் புனிதவதி, இணையத்தில் ஓடக்காரி வேஷம் கட்டுகிறாள் என்று. சிரிக்கட்டும். சிலர் சீரியல் பார்க்கிறார்கள், நான் இதைச் செய்கிறேன்.

‘ஒன்பது துறை’ என்பது எங்கள் தளத்தின் பெயர். பெரிய ஆறு ஒன்று, அதன் கரையில் ஒன்பது படித்துறைகள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஒரே கதையை எழுதிக்கொண்டு போவோம். என் பாத்திரம் நீலம். ஓடம் ஓட்டுகிறவள், யாருக்கும் தலைவணங்காதவள். எழுதுவதோடு நடுவர் வேலையும் எனக்கு. இன்னொரு நடுவர் ஆம்பூரில் இருக்கும் உமர். கணினி சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பொறுப்பு, நியாயம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு.

முதல் விதியை நான்தான் எழுதினேன். ‘அடியை ஓங்குவது வரைதான் உங்கள் வேலை. பட்டதா, வலித்ததா, விழுந்தாரா என்பதை எதிரில் இருப்பவர் எழுதுவார்.’ தளம் இத்தனை வருஷம் சண்டை சச்சரவில்லாமல் ஓடுவது இந்த ஒரு விதியால்தான்.

இன்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பாத்திரத்தின் பெயர் அரசி பெருந்தேவி. சேரும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்போம், உங்கள் பாத்திரத்துக்கு எது வலிக்கும் என்று. அதற்கு இவர் எழுதிய பதில்: ‘நான் செய்வதெல்லாம் மற்றவர்கள் நல்லதுக்கு. அதனால் எனக்கு எதுவும் வலிக்காது.’

சாகாவரம் கேஸ். வருஷத்துக்கு ஒன்று வந்துவிடும். மலையைப் பிளக்கும் வாள், காற்றில் கரையும் உடம்பு என்று கிளம்பி வருவார்கள். ஒரு மாதத்தில் மனிதராக்கி விடுவேன்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை சுபா தலைக்குக் குளித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் காலம்தான், இருந்தாலும் ஈரத்தலையோடு உட்கார்ந்தால் அவளுக்குச் சளி பிடிக்கும். ஃபேனை நிறுத்தினேன்.

ஜூன் 5, வியாழன்

தரகர் கடைக்கே வந்துவிட்டார். புதுக்கோட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், மனைவி இறந்து மூன்று வருஷம், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. குடி, சிகரெட் எதுவும் இல்லை. அவருடைய அம்மா ராஜாமணி அம்மாளுடன் போனில் பேசினேன். தன்மையான மனுஷி.

சுபாஷிணி என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். கரூரில் கட்டிக்கொடுத்த இடம் சரியாக அமையவில்லை. போய்க் கூட்டிவந்தேன், விவாகரத்தையும் நானே முன்னால் நின்று முடித்தேன். வீட்டிலிருந்தே ஒரு ஆடிட்டருக்குக் கணக்கு ஏற்றிக் கொடுக்கிறாள், அந்த வேலையும் நான் பேசி வாங்கிக் கொடுத்ததுதான். அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. மாடிப்படியில் விழுந்ததில் ஆனது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். புதுக்கோட்டையிலும் அப்படியே சொன்னேன்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

ஜூன் 9, திங்கள்

பெருந்தேவி வேலையைக் காட்டிவிட்டாள்.

நான்காம் துறையில் மழைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தேனியில் இருக்கும் காசிலிங்கத்தின் படைவீரன் அவள்மேல் அம்பு விட்டான். அம்பு பூவாக மாறி அவள் காலடியில் விழுந்ததாம். சரி, அது வழக்கமான சாகாவரம். அதற்குப் பிறகு என் நீலத்தின் பக்கம் திரும்பினாள். அவள் எழுதியதை அப்படியே எடுத்து வைக்கிறேன்: ‘நீலத்துக்குக் குளிரெடுத்தது. அரசி தன் போர்வையை எடுத்துப் போர்த்தினாள். நீலத்தின் மனம் நிறைந்தது.’

எனக்குக் குளிரவே இல்லை. ஓடக்காரிக்கு மழையில் என்ன குளிர்? என் பாத்திரத்துக்குள் கையை விட்டுப் பொம்மையை ஆட்டுவதுபோல ஆட்டியிருக்கிறாள். வாளால் வெட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. வெட்டினால் திருப்பி வெட்டலாம். போர்வை போர்த்துகிறவளை என்ன செய்வது? கோபப்பட்டு எழுதினேன். அதற்கும் உடனே பதில்: ‘நீலத்துக்குக் கோபமில்லை, களைப்பு. அரசி மன்னித்துப் புன்னகைத்தாள்.’

கோபப்படுகிற உரிமைகூட எனக்கு இல்லையா என்று கடையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பதிவுகள் இரண்டையும் நீக்கினேன். எச்சரிக்கை அனுப்பினேன்.

ஜூன் 11, புதன்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 14, சனி

பெருந்தேவியுடன் தனிச்செய்தியில் பேசினேன். இது என் வழக்கமான இரண்டாவது படி. எல்லோர் முன்னாலும் திட்டினால் முறுக்கிக்கொள்வார்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் பாதிப் பேர் திருந்திவிடுவார்கள்.

நீலத்துக்கு என்ன தோன்றுகிறது என்பதை நீங்கள் எழுதக்கூடாது என்று சொன்னேன். ‘நீலத்தை எனக்குத் தெரியாதா? அவள் என்ன நினைப்பாள் என்று அவளைவிட எனக்குத் தெரியும்’ என்றாள். தெரிந்தாலும் எழுதக்கூடாது என்றேன். ‘அவள் நல்லதுக்குத்தானே செய்கிறேன்?’ என்று கேட்டாள். நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி, அவள் வாய் அவளுடையது என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே அந்த வரி பிடித்துப்போனது.

கடைசியில், ‘இதை நீங்கள் மனசாரத்தான் சொல்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டாள். பின்னே, பொழுதுபோகாமலா சொல்கிறேன் என்றேன்.

பார்க்கப்போனால் இந்த நியாயம் எனக்குத் தொழிலிலேயே பழகியது. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேன். எது தெளிவு என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். நானாக முடிவு செய்தால் கண்ணாடி போட்டவர் தடுக்கி விழுவார்.

புதுக்கோட்டைக்கு போட்டோ அனுப்பினேன். சுபாவின் வலது பக்கம் தெரிகிற மாதிரியான படமாகப் பார்த்து.

ஜூன் 22, ஞாயிறு

சுபாவின் போனில் யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுவது வழக்கம். கரூர்காரன் குடித்துவிட்டுக் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்த காலத்தில் ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஜான்சி என்ற அவளுடைய கல்லூரித் தோழி நிறையத் தடவை பேசியிருந்தாள். ஓசூரில் தனியாக ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண். வாழப் போகிறவளுக்கு அந்தப் பேச்செல்லாம் இப்போது எதற்கு? ஜான்சியைக் கூப்பிட்டு, கல்யாணம் முடிகிற வரை கொஞ்சம் விட்டுப் பிடிம்மா என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

சுபா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்லபடியாக எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

பெருந்தேவி மறுபடி வந்தாள். இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்க வந்தாள். அரசி நீலத்தை ஒருவனுக்கு மணமுடித்து வைக்க நினைக்கிறாளாம். எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

அரசி கேட்கலாம், சம்மதமா என்று. அதோடு உங்கள் பங்கு முடிந்தது. ‘நீலம் தலையசைத்தாள்’ என்று நீங்கள் எழுத முடியாது என்று சொன்னேன்.

‘கேட்ட பிறகு அவள் ஒன்றுமே எழுதாமல் இருந்துவிட்டால்?’

இப்படி ஒரு கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் எழுதினேன். பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது. பயத்தில் இருக்கலாம், யோசனையில் இருக்கலாம், சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற சலிப்பில் இருக்கலாம். அந்த மௌனத்துக்கு அர்த்தம் எழுதுகிற அதிகாரம் வேறு யாருக்கும் கிடையாது. காத்திருக்க வேண்டும், எவ்வளவு நாளானாலும்.

நன்றி என்று எழுதினாள். இதை எப்போதும் மறக்க மாட்டேன் என்றும் எழுதினாள். உமருக்கு என் பதிலைக் காட்டினேன். அசந்துபோய், தளத்தின் முகப்பிலேயே அதை ஒட்டி வைத்துவிட்டார். உறுப்பினர்கள் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள்.

இன்று சுபா தானாகவே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூ வைக்க நாள் குறித்தாகிவிட்டது, அடுத்த ஞாயிறுக்கு அடுத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனா, எழுந்து போய்விட்டாள். வெட்கம்.

ஜூலை 1, செவ்வாய்

பட்டுப் புடவை எடுத்தேன். கத்திரிப்பூ நிறம். சுபாவுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று கடையில் ஒரு நிமிஷம் நினைவு வந்தது. ஆனால் அவள் நிறத்துக்கு இதுதான் எடுக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

பூ வைத்தாயிற்று.

புதுக்கோட்டையிலிருந்து வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். குழந்தை சுபாவின் வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கேசரி கொஞ்சம் இறுகிவிட்டது, அதைத் தவிரக் குறையில்லை.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் ராஜாமணி அம்மாள் சுபாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். இடது பக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். சுபா முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். “உனக்கு இதுல சம்மதந்தானம்மா? மனசுல எது இருந்தாலும் இப்பவே சொல்லிடு, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்” என்று கேட்டார்கள். சுபா அவர்களைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

“சம்மதந்தாம்மா, கூச்சப்படுறா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூ வைத்தார்கள். சுபா தலையைக் குனிந்துகொண்டாள். ஆவணியில் கல்யாணம்.

மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அவளுக்கும்தான்.

ஜூலை 7, திங்கள்

பெருந்தேவி எழுதியிருப்பது:

‘நீலத்திடம் கேட்டார்கள். நீலம் வாயைத் திறந்தாள். அதிலிருந்து அரசியின் குரல் வந்தது. சம்மதம்தான், கூச்சப்படுகிறாள் என்று அந்தக் குரல் சொன்னது. கரையில் நின்றவர்கள் பூப் போட்டார்கள். நீலத்தின் துடுப்பை அரசி வாங்கி ஆற்றில் விட்டாள். இனி அது அவளுக்கு வேண்டாம். நீலம் தலையசைத்தாள். நீலத்துக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை.’

படித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பொறுமையாக எடுத்துச் சொல்லி, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் எது கூடாது என்று சொன்னேனோ அதையே செய்திருக்கிறாள். அந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஏதாவது சீரியலாக இருக்கும்.

ஜூலை 9, புதன்

ஓட்டெடுப்பு நடத்தினோம். காசிலிங்கம் மட்டும், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே, அவர் கடைசியாக எழுதியதில் ஏதோ ஒரு வலி தெரிகிறதே என்றார். வலி இருந்தால் விதியை மீறலாமா? நான் விடவில்லை. பெருந்தேவி நிரந்தரமாக நீக்கப்பட்டாள்.

நீக்கும் அறிவிப்பை நானே எழுதினேன். ‘பிறர் வாயால் பேசுகிறவர்களுக்கு ஒன்பது துறையில் இடமில்லை. அடுத்தவரின் சம்மதத்தைத் தானே எழுதிக்கொள்வதைவிடப் பெரிய வன்முறை இந்தத் தளத்தில் வேறில்லை.’ பாராட்டு குவிந்தது.

நீக்கப்படும் பாத்திரத்துக்கு ஒரு முடிவு எழுதி வைப்பது எங்கள் வழக்கம், கதை அந்தரத்தில் நிற்கக்கூடாதே. வார இறுதியில் எழுதுகிறேன் என்று உமரிடம் சொன்னேன்.

வீட்டில் சுபா சாப்பிடவில்லை. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவலி. மாத்திரை கொடுத்தேன். “அக்கா, நீ எழுதறதையெல்லாம் நீயே நம்புறியா?” என்று கேட்டாள். என்ன எழுதினேன், எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் போனாள். இன்னும் வரவில்லை. தையல்காரம்மா, சுபா வரவே இல்லை என்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுடைய சான்றிதழ்களும் லேப்டாப்பும் இரண்டு மூன்று சுடிதாரும் இல்லை. கத்திரிப்பூப் புடவை மடிப்புக் கலையாமல் கட்டிலின் நடுவில் இருக்கிறது. அதன்மேல் பூ வைத்த அன்று போட்ட மோதிரம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். வயதைக் கேட்டார்கள். முப்பத்திரண்டு என்றேன். அங்கிருந்த போலீஸ் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, மேஜர் பொண்ணும்மா, சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு யோசிச்சுத்தான் போயிருக்கு என்றார்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை, அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

புதுக்கோட்டைக்கு நானே போன் செய்து சொன்னேன். கத்துவார்கள் என்று நினைத்தேன். ராஜாமணி அம்மாள் கத்தவில்லை. “அன்னைக்கு நான் அவளைத்தானேம்மா கேட்டேன்” என்றார்கள்.

போனை வைத்துவிட்டார்கள்.

ஜூலை 16, புதன்

கடையைத் திறந்தேன். இரண்டு பேருக்குப் பவரைத் தப்பாக எழுதிவிட்டேன், நல்லவேளை அனுப்புவதற்கு முன்பே கண்ணில் பட்டது.

மதியம் உமர் கூப்பிட்டார். எப்போதும் எழுத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் குரலைக் கேட்பது எனக்கு இது இரண்டாவது தடவையோ என்னவோ. “அக்கா, கேக்கவே சங்கடமா இருக்கு” என்று ஆரம்பித்தார். பெருந்தேவி வேறு பெயரில் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அவள் எந்த இணைப்பிலிருந்து வந்தாள் என்பதை எடுத்துப் பார்த்திருக்கிறார். அது என் வீட்டு இணைப்பு. முதல் நாளிலிருந்து கடைசிப் பதிவு வரை எல்லாமே.

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இதுவும் எங்கள் உலகத்தில் நடக்கிற மோசடிதான். நடுவரே இன்னொரு பெயரில் ஒரு வில்லியை உருவாக்குவது, அவளால் அடிபடுவது, பிறகு நியாயம் பேசிக் கைதட்டல் வாங்குவது. “நீங்க அப்படிச் செய்வீங்கன்னு நான் நம்பலக்கா. ஆனா எல்லாருக்கும் நான் பதில் சொல்லணும்ல” என்றார்.

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இத்தனை வருஷம் பார்த்தவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்றேன். எவனாவது என் வைஃபையைத் திருடியிருப்பான் என்றேன். பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமாக்கா என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

ஜூலை 17, வியாழன்

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். போர்வை. குளிர். மன்னித்துப் புன்னகைப்பது. ‘எனக்கு எதுவும் வலிக்காது.’

முன்பெல்லாம் நான் ஓடக்காரியாக எழுதும்போது சுபா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துச் சிரிப்பாள். நீலம் மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டாளா என்று கேட்பாள். கரூருக்குப் போவதற்கு முன்னால் அது. என்னை எங்கே பார்த்தால் நான் காது கொடுத்துக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்தான் சொன்னேன், பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது என்று. அவள் நன்றி சொன்னாள். ஒன்பது நாள் கழித்துக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். நடுவரைப் பார்த்தாள்.

அதோடு இன்று நிறுத்திக்கொள்கிறேன். கண் எரிகிறது.

ஜூலை 23, புதன்

உமரிடம் சொல்லிவிட்டேன். நான் இல்லை, என் தங்கை என்று மட்டும். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நடுவர் பொறுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். தடையையும் நீக்கச் சொன்னேன். பெருந்தேவியின் முடிவை இன்னும் யாரும் எழுதவில்லையே, நீங்களே எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். நான் எழுதக்கூடாது என்றேன். அது அப்படியே நிற்கட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறைப் பக்கம் போகவே முடியாத கூட்டம். வருஷா வருஷம் சுபாவும் நானும் போவோம், அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி விடுவேன். இந்த வருஷம் பூ வாங்கினேன், கயிறு வாங்கவில்லை. தண்ணீரில் கை நனைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜான்சியைக் கூப்பிட இத்தனை நாள் ஆயிற்று எனக்கு. அவள் எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள். சுபா பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கா என்றாள். அப்படியே படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் குரல் இளகவில்லை. “அக்கா, கரூர் மாப்பிள்ளையையும் அவளைக் கேட்காமத்தானே முடிச்சீங்க? காது போனதுக்கப்புறமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பினீங்களே, மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள். அப்போது நிலைமை வேறு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

விலாசம் கேட்டேன். “அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். சுபா வயதுதான் ஜான்சிக்கும், கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

ஜான்சியிடமிருந்து செய்தி வந்தது. ஹாஸ்டல் இருக்கும் தெருவின் பெயர். அதற்குக் கீழே: ‘வந்தா வரட்டும்னு சொன்னா. பாப்பேன்னு சொல்லல.’

ஆகஸ்ட் 10, ஞாயிறு, ஓசூர்

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் ஒன்று சொல்வேன், அதற்கு அவள் ஒன்று சொல்வாள், நான் சமாதானம் சொல்வேன், அவள் அழுவாள், பிறகு சேலம் வழியாகச் சேர்ந்தே திரும்புவோம். தருமபுரி தாண்டிய பிறகுதான், அவள் பேச வேண்டியதையும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அதன் பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இங்கே தூறல். ஹாஸ்டல் ஒரு மூன்று மாடிக் கட்டடம், கீழே ஜெராக்ஸ் கடை. வாசலில் வார்டன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். சுபாஷிணியின் அக்கா வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் இறங்கி வருவாள், சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னால் இறங்கி வருவாள் என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை என்றேன்.

வார்டன் அம்மா மாடிக்குப் போய்விட்டு வந்தார்கள். “சொல்லிட்டேன்” என்றார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லலம்மா” என்றார்கள். இருப்பதா போவதா என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மணிக்கு மேல் வெளியாட்கள் இருக்கக்கூடாதாம், அதுவரை இந்த பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். கடைக்குக் கொண்டுபோகிற பையில் இந்த டைரி இருந்தது, எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலில் பச்சைத் திரை. இப்போது அது அசைந்தது. என்னைப் பார்த்துவிட்டாள், பார்த்ததும் அவளுக்கு மனசு

அந்த வரியை அடித்துவிட்டேன்.

திரை அசைந்தது. நான் உட்கார்ந்திருக்கிறேன்.